பராமரிப்பு பாக்கியா, தத்தா? மறுமணத்துக்குப் பின் குழந்தைக்கான முடிவுகள்

விவாகரத்துத் தீர்ப்பில் குழந்தைக்கு மாதம் 8,000 ரூபாய் என்று எழுதியிருக்கும். கொஞ்ச காலம் பணமும் வந்திருக்கும். அம்மா மறுமணம் செய்துகொண்ட சேதி எட்டியதும் அது நின்றுவிடும். "இனி அந்த வீட்டுப் பிள்ளைதானே, அவரே பார்த்துக்கட்டும்" என்று முதல் கணவர் வீட்டில் பேச்சு எழும். இந்தப் பக்கம் இரண்டாவது கணவர், "அந்தக் காசும் வேண்டாம், அந்த ஆளும் வேண்டாம், நானே தத்து எடுத்துக்கிறேன்" என்பார். அவர் மனதாரத்தான் சொல்கிறார். ஆனால் அந்தப் பேச்சில் வேறு வேறு இரண்டு முடிவுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பாக்கியை வசூலிப்பது ஒன்று, குழந்தைக்குச் சட்டப்படி அப்பா யார் என்று மாற்றுவது இன்னொன்று. இரண்டையும் பிரித்து வைத்துத்தான் யோசிக்க வேண்டும். முதலாவதற்கு ஒரு வருடக் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டாவதைச் செய்துவிட்டால் பிறகு திருப்பவே முடியாது.

கீழே வருவது இந்தியச் சட்டத்தை வைத்து, தமிழ்நாட்டுக் குடும்பங்கள் சந்திக்கும் நிலைமைகளுக்காக எழுதியது.

மறுமணத்தால் குழந்தையின் பணம் நிற்காது

மறுமணம் செய்துகொண்டால் அம்மாவின் சொந்த ஜீவனாம்சம் நிற்கும். குழந்தையின் பராமரிப்பு நிற்காது. அது குழந்தையின் உரிமை. அம்மாவின் கழுத்தில் புதுத் தாலி ஏறியதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இரண்டாவது கணவருக்குச் சட்டப்படி அந்தக் குழந்தையைப் பராமரிக்கும் கடமையும் கிடையாது. அம்மா சம்பாதிக்கிறார் என்றால் பெற்றோர் இருவருக்கும் பங்கு உண்டு என்று வாதாடி, தொகையைக் குறைக்கச் சொல்லி அப்பா மனுப் போடலாம். நீதிமன்றம் குறைத்து உத்தரவிடும்வரை பழைய தொகை மாதாமாதம் கடனாக ஏறிக்கொண்டே இருக்கும். தானாக நிறுத்திக்கொள்ளும் அதிகாரம் அவருக்கு இல்லை.

பரஸ்பர சம்மத விவாகரத்தில் "ஒரே தொகையாகப் பெற்றுக்கொண்டேன், இனி எனக்கும் குழந்தைக்கும் எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று கையெழுத்துப் போட்டிருந்தாலும் கதவு முழுக்க மூடிவிடாது. குழந்தையின் உரிமையை அம்மா விட்டுக்கொடுக்க முடியாது என்பதே நீதிமன்றங்கள் பொதுவாக எடுக்கும் நிலை.

வசூலுக்கு வருவோம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவாக இருக்கிறது. அந்தப் பிரிவில் வாங்கிய உத்தரவு இருந்தும் பணம் வரவில்லை என்றால் அதன் கீழேயே வசூல் மனுப் போடலாம். அபராதம் வசூலிக்கும் முறையில் வாரண்ட் போகும்: அசையும் பொருளை ஜப்தி செய்யலாம், கலெக்டர் மூலம் நிலவரி பாக்கிபோல வசூலிக்கலாம். அதற்குப் பிறகும் கட்டாமல் இருந்தால் ஒரு மாதம் வரை, அல்லது பணம் கட்டும்வரை சிறை. உள்ளே போய் வந்ததால் கடன் தீர்ந்துவிடாது. சிறை என்பது கட்ட வைக்கும் வழியே தவிர கடனுக்கு ஈடு அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1989லேயே சொல்லிவிட்டது. பல மாத பாக்கிக்குச் சேர்த்து ஒரே மனுவில் எத்தனை மாதம் சிறை வைக்கலாம் என்பதில் உயர் நீதிமன்றங்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதனால் ஒரே அடியில் ஆளை ஒரு வருடம் உள்ளே வைத்துவிடலாம் என்று கணக்குப் போட வேண்டாம்.

பலரும் பணத்தை இழப்பது ஒரு வருடக் கெடுவில். ஒவ்வொரு மாதத் தொகையும் பாக்கியான நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனுப் போட்டால்தான் இந்த வாரண்ட் வழி திறந்திருக்கும். 26 மாதம் பாக்கி என்று வையுங்கள். மொத்தம் 2,08,000 ரூபாய். இன்று மனுப் போட்டால் கடைசி 12 மாதத்தின் 96,000 ரூபாய்க்கு வாரண்ட் கேட்கலாம். முந்தைய 14 மாதத்தின் 1,12,000 ரூபாய் அழிந்துவிடவில்லை. கெடு தாண்டினால் வாரண்ட், சிறை என்ற முறைதான் கைவிட்டுப் போகும், பாக்கிக்கான உரிமை போகாது என்று உச்ச நீதிமன்றம் 2013இல் விளக்கியிருக்கிறது. அந்தத் தொகைக்கு சிவில் வழியில் நிறைவேற்று மனுப் போட வேண்டும். கெடுவுக்குள் போட்ட மனு நிலுவையில் இருந்தால், பிறகு ஏறிய மாதங்களை அதிலேயே சேர்க்கக் கேட்கலாம். ஒவ்வொரு வருடமும் புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை. ஆகவே தத்தெடுப்பதா வேண்டாமா என்று வீட்டில் பேசிக்கொண்டிருக்கும் நாட்களிலேயே மனுவைப் போட்டுவிடுங்கள். பேச்சு முடியட்டும் என்று காத்திருந்தால் ஒவ்வொரு மாதமும் ஒரு மாதப் பணம் கெடுவுக்கு வெளியே போய்விடும்.

சம்பளக்காரராக இருந்தால் சிவில் வழிக்குக் கூடுதல் பலம் உண்டு. சாதாரணக் கடனுக்குச் சம்பளத்தின் சிறு பகுதியைத்தான் ஜப்தி செய்யலாம். பராமரிப்புத் தீர்ப்புக்கு சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டுமே பாதுகாப்புத் தருகிறது; மீதி மூன்றில் இரண்டு பங்கு வரை பிடிக்க முடியும். பராமரிப்பு உத்தரவை சிவில் தீர்ப்புபோல நிறைவேற்றலாம் என்றும், இரு தரப்பும் சொத்து, வருமான விவரப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும் என்றும் ரஜனேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தப் பத்திரத்தைக் கேட்டு வாங்குங்கள். வேலை பார்க்கும் இடமும் வங்கிக் கணக்கும் அதில்தான் வெளியே வரும்.

மனுவோடு வைக்க வேண்டியவை சிலதான். உத்தரவின் சான்றிட்ட நகல், வங்கிக் கணக்கு அறிக்கை, மாதம், வர வேண்டியது, வந்தது, நிலுவை என்று நாலு பத்தியில் ஒரு அட்டவணை, அவருடைய இப்போதைய முகவரி, வேலையிடம். பெரும்பாலான மனுக்கள் இழுபடுவது சட்டச் சிக்கலால் அல்ல, நோட்டீஸ் "ஆள் இல்லை" என்று திரும்பி வருவதால்தான். உத்தரவை அவர் வசிக்கும் ஊர் மாஜிஸ்திரேட் வழியாகவும் நிறைவேற்றலாம் என்று 147ஆம் பிரிவு சொல்கிறது. கோயம்புத்தூரில் வாங்கிய உத்தரவு என்றால் அங்கேயே முடங்கிக் கிடக்க வேண்டியதில்லை. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கிடைப்பார். உதவி எண் 15100.

தத்துக் கொடுத்தால் எது எது அறுபடும்

இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம், 1956, பிரிவு 12 சொல்வது இதுதான்: தத்து நடந்த நாளிலிருந்து குழந்தை தத்தெடுத்தவர்களின் குழந்தை, பிறந்த குடும்பத்துடனான சட்ட உறவு, யாரை மணக்கக் கூடாது என்ற விலக்கைத் தவிர, அனைத்தும் முடிந்துவிடும். மத்திய தத்தெடுப்பு ஆணையமான காரா வழியாகச் செய்தாலும் விளைவு இதேபோல்தான். அந்த நாளிலிருந்து பெற்ற அப்பாவின் மாதாந்திரக் கடமை நின்றுவிடும். அதுவரை ஏறிய பாக்கி தத்தினால் மட்டும் ரத்தாகாது. அது ஏற்கெனவே விழுந்துவிட்ட கடன்.

மாதம் 8,000 ரூபாய் போவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அதைவிடப் பெரிய விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. பூர்வீகச் சொத்துதான் அது. தஞ்சாவூர்ப் பக்கம் அப்பா வழித் தாத்தா பெயரில் நிலம் இருக்கலாம், மதுரையில் பூர்வீக வீடு இருக்கலாம். தத்துக்குப் பிறகு பெற்ற அப்பா உயில் இல்லாமல் இறந்தால் குழந்தை அவருக்கு வாரிசு இல்லை. தத்துக்கு முன்பே குழந்தைக்கு உரித்தாகிவிட்ட சொத்து குழந்தையிடமே இருக்கும் என்று பிரிவு 12 சொல்கிறது. ஆனால் பாகப்பிரிவினை ஆகாத கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்பால் வந்த பங்கு அப்படி "உரித்தானது" ஆகுமா என்பதில் உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் ஒரே பக்கம் நிற்கவில்லை. பிரிவினை முன்பே நடந்து, குழந்தை பெயருக்குப் பங்கு எழுதப்பட்டிருந்தால் பயமில்லை. இல்லாவிட்டால் அந்தப் பங்கு போய்விடும் என்று வைத்துக்கொண்டே முடிவெடுப்பது பத்திரம். தத்துப் பேச்சு எழுந்ததும் முதலில் எடுக்க வேண்டியது அப்பா வழிச் சொத்தின் வில்லங்கச் சான்றும் பட்டாவும். அதைப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவது குழந்தைக்குச் செய்யும் அநியாயம்.

பெண் குழந்தை என்றால் இன்னொரு கணக்கும் உண்டு. 144ஆம் பிரிவின் பராமரிப்பு பொதுவாக 18 வயது வரைதான். 1956 சட்டத்தின் 20ஆம் பிரிவில், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வருமானமில்லாத மணமாகாத மகளை 18க்குப் பிறகும் தகப்பன் பராமரிக்க வேண்டும். கல்லூரிச் செலவும் கல்யாணச் செலவும் வரும் காலம் அது. தத்து ஆனபின் அந்தப் பொறுப்பு முழுக்க இரண்டாவது கணவர் தலையில்.

அறுபடுவதற்கு ஈடாகக் கிடைப்பதும் பெரியதுதான். இந்து இளவர் (மைனர்) மற்றும் காப்பாளர் சட்டத்தில் "தகப்பன்" என்ற சொல்லில் மாற்றாந்தந்தை அடங்க மாட்டார் என்று வெளிப்படையாகவே இருக்கிறது. அம்மாவை மணந்து பத்து வருடம் அந்தக் குழந்தையைத் தூக்கி வளர்த்தாலும் சட்டத்தின் முன் அவர் மூன்றாம் மனிதர். நாளை அம்மாவுக்கு ஒன்று ஆகிவிட்டால் காப்பாளர் உரிமை, பத்து வருடம் எட்டிப் பார்க்காத பெற்ற தகப்பனிடம் போகும். உயில் இல்லாமல் இரண்டாவது கணவர் இறந்தால் குழந்தைக்கு அவர் சொத்தில் பங்கில்லை. தத்தெடுப்பு இந்த இரண்டு ஓட்டையையும் அடைக்கிறது. தத்தெடுக்க நல்ல காரணம் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். பராமரிப்புப் பணம் வராததை அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டோம்.

பணம் கட்டாதவரின் சம்மதமும் வேண்டும்

இந்த இடத்தில்தான் நிறைய பேர் ஏமாந்து போகிறார்கள். "மூணு வருஷமா பத்து பைசா தரலை, குழந்தை முகத்தைக்கூடப் பார்க்கலை, அவர் சம்மதம் எதுக்கு?" நியாயமான கேள்வி. இந்தியச் சட்டத்தின் பதில் கசப்பானது: அப்படியும் வேண்டும். 1956 சட்டத்தின் 9ஆம் பிரிவில், 2010 திருத்தத்துக்குப் பிறகு அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தத்துக் கொடுக்கச் சம உரிமை. ஆனால் ஒருவர் கொடுக்க மற்றவர் சம்மதிக்க வேண்டும். விதிவிலக்கு மூன்றுதான்: மற்றவர் துறவு பூண்டிருக்க வேண்டும், இந்துவாக இல்லாமல் போயிருக்க வேண்டும், அல்லது மனநலம் குன்றியவர் என்று நீதிமன்றம் அறிவித்திருக்க வேண்டும். விவாகரத்தும் அந்தப் பட்டியலில் இல்லை, பராமரிப்பு தராததும் இல்லை. குழந்தையின் காவல் முழுக்க அம்மாவிடம் இருந்தாலும் இதே நிலைதான்.

அமெரிக்காவில் இருக்கும் உறவினர் வேறு மாதிரி சொல்லக் கேட்டிருப்பீர்கள். அவர் சொல்வது அங்கே உண்மை. கலிபோர்னியாவில், காவல் உத்தரவு பெற்ற பெற்றோர் இருக்கையில் மற்றவர் வசதி இருந்தும் ஒரு வருடம் வேண்டுமென்றே குழந்தையைத் தொடர்புகொள்ளாமலும் பணம் தராமலும் இருந்தால், அவருக்கு நோட்டீஸ் கொடுத்துவிட்டு, காவல் பெற்றவரின் சம்மதத்தோடு மட்டும் தத்து நடக்கலாம். டெக்சாஸில் சக்திக்கு ஏற்ப ஒரு வருடம் பராமரிக்காதது பெற்றோர் உரிமையையே ரத்து செய்யும் காரணங்களில் ஒன்று. இங்கே அப்படி ஒரு பிரிவு இல்லை.

கணவனை இழந்த தாயின் நிலை வேறு. அவர் தனியாகவே தத்துக் கொடுக்கலாம். அப்படிப்பட்ட ஒரு வழக்கில், குழந்தையின் ஆவணங்களில் அம்மாவின் புதுக் கணவரை "மாற்றாந்தந்தை" என்று குறிக்கச் சொன்ன உத்தரவை உச்ச நீதிமன்றம் 2022 ஜூலை 28 அன்று கண்டித்து நீக்கியது. அந்தத் தீர்ப்பை உயிரோடு இருக்கும் முன்னாள் கணவருக்கு எதிராக நீட்ட முடியாது.

பத்திர வழியா, கலெக்டர் வழியா

அப்பா சம்மதிக்கிறார் என்றால் இரண்டு பாதைகள்.

1956 சட்டப் பாதை சீக்கிரம் முடியும். தத்துக் கொடுக்கல் வாங்கல் உண்மையில் நடக்க வேண்டும், அதைத் தத்துப் பத்திரமாக எழுதி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். கொடுத்தவரும் எடுத்தவரும் கையெழுத்திட்ட பதிவுப் பத்திரம் இருந்தால், தத்து சட்டப்படி நடந்தது என்றே நீதிமன்றம் அனுமானிக்கும். பெற்ற அப்பாவின் சம்மதத்தைத் தனிக் கடிதமாக வாங்கி மடித்து வைப்பதைவிட அவரையே பத்திரத்தில் கையெழுத்திட வைப்பது மேல். ஹோமம் கட்டாயமில்லை, புகைப்படமும் இரண்டு சாட்சிகளும் இருந்தால் பின்னாளில் உதவும்.

ஆனால் இந்தப் பாதையில் தடைகள் அதிகம். குழந்தை, எடுப்பவர், கொடுப்பவர் எல்லோரும் இந்துச் சட்டத்தின் கீழ் வருபவர்களாக இருக்க வேண்டும். இரண்டாவது கணவர் கிறிஸ்தவர் என்றால் முடியாது. குழந்தைக்கு 15 வயது நிரம்பியிருக்கக் கூடாது. பெண் குழந்தையை ஆண் தத்தெடுத்தால் வயது வித்தியாசம் குறைந்தது 21. எல்லாவற்றிலும் அதிகம் பேரைக் கவிழ்ப்பது 11ஆம் பிரிவு: எடுப்பவருக்கு ஏற்கெனவே மகன் இருந்தால் இன்னொரு மகனைத் தத்தெடுக்க முடியாது, மகள் இருந்தால் மகளை முடியாது. மறுமணம் ஆகி, "மெதுவாகச் செய்துகொள்ளலாம்" என்று விட்டு, இதற்கிடையில் அவர்களுக்கே ஒரு ஆண் குழந்தை பிறந்துவிட்டால், முதல் திருமணத்து மகனை இந்தப் பாதையில் எடுக்கும் வாய்ப்பு அத்தோடு போயிற்று.

அப்படி அடைபட்டவர்களுக்கு இளைஞர் நீதிச் சட்டம், 2015 இருக்கிறது. எந்த மதத்தவரும் வரலாம், குழந்தைக்கு 18 வயது ஆகும்வரை முடியும், ஏற்கெனவே மகன் அல்லது மகள் இருப்பது தடையில்லை. மற்ற தம்பதியருக்கு உள்ள இரண்டு வருடத் திருமண வாழ்க்கை என்ற நிபந்தனையும் மாற்றாந்தந்தை தத்துக்குக் கிடையாது. தம்பதியாக காராவின் இணையதளத்தில் பதிய வேண்டும். பிறப்புச் சான்று, விவாகரத்துத் தீர்ப்பு, காவல் உத்தரவு, மறுமணப் பதிவுச் சான்று, பெற்ற தந்தையின் சம்மதம் ஆகியவை வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு சரிபார்க்கும். 2022 செப்டம்பர் 1 முதல் தத்தெடுப்பு ஆணை தருவது நீதிமன்றம் அல்ல, மாவட்ட ஆட்சியர். குழந்தையின் விருப்பமும் அதன் வயதுக்கேற்பக் கேட்கப்படும். குழந்தை யாரிடம் இருப்பது என்ற காவல் வழக்கு நிலுவையில் இருந்தால் அது முடிந்த பிறகுதான் இந்த வேலை தொடங்கும்.

பிறப்புச் சான்றிதழில் பெயர் மாற்றும்போதுதான் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உறைக்கும். ஆட்சியரின் ஆணையைக் காட்டினால் கேள்வி குறைவு. தத்துப் பத்திரம் சட்டப்படி செல்லும் என்றாலும், "கோர்ட் ஆர்டர் கொண்டு வாங்க" என்று திருப்பி அனுப்பும் அலுவலகங்கள் இருக்கின்றன. வெளிநாட்டில் குடியேறப் போகிற குடும்பம் என்றால் பத்திர வழியில் எடுத்தாலும் காராவின் தடையின்மைச் சான்று தேவைப்படும். இரண்டு பாதையும் திறந்திருக்கும் குடும்பத்துக்கு நாங்கள் சொல்வது ஆட்சியர் வழி. தாமதமானாலும் கையில் கிடைப்பது அரசாங்க ஆணை. அமெரிக்கா போவதற்காக மட்டும் தத்து என்றால் கொஞ்சம் நில்லுங்கள்: குழந்தைக்கு 18 ஆவதற்குள் திருமணம் நடந்திருந்தால் அந்த நாட்டுக் குடியேற்றச் சட்டம் மாற்றான் பிள்ளையையும் பிள்ளையாகவே எடுத்துக்கொள்கிறது.

"பாக்கியை விடு, கையெழுத்துப் போடுகிறேன்"

இந்தப் பேரம் மிகச் சாதாரணமாக நடக்கிறது. பஞ்சாயத்துப் பேசும் பெரியவர்களும் நல்ல தீர்வு என்றே நினைக்கிறார்கள். இது வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வோம். 1956 சட்டத்தின் 17ஆம் பிரிவு, தத்துக்கு ஈடாகப் பணமோ வேறு பலனோ கொடுப்பதையும் வாங்குவதையும் தடை செய்கிறது. ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டும். இரண்டு லட்சம் ரூபாய் பாக்கியைத் தள்ளுபடி செய்வது "பலன்" என்று வாதிட இடமுண்டு. ஒப்பந்தத்தில் அதை எழுதி வைத்தால், நாளை தத்தையே எதிர்க்க நினைப்பவருக்கு நீங்களே ஆதாரம் எழுதிக் கொடுத்ததாகும்.

பாக்கி மனு தனியாக நடக்கட்டும், அதில் ஒரு தொகைக்குச் சமரசம் ஆனால் அந்த நீதிமன்றத்திலேயே பதிவாகட்டும், பணம் குழந்தை பெயரில் வைப்புத்தொகையாகப் போகட்டும். தத்துச் சம்மதத்தை வேறொரு நாள், வேறு ஆவணத்தில், பணத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லாமல் வாங்குங்கள். பாக்கி வழக்கு நடப்பதால் கோபத்தில் சம்மதம் தர மறுப்பாரே என்ற பயம் உண்மையானதுதான். அப்படி மறுத்தால் தத்து தள்ளிப்போகும். தள்ளிப்போவதால் குழந்தைக்கு என்ன நஷ்டம் என்று கணக்கிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அதை வேறு வழியில் ஈடுகட்டிவிடலாம்.

தத்தில்லாமல் எவ்வளவு தூரம் போகலாம்

நிறையவே போகலாம். இரண்டாவது கணவர் இரண்டு சாட்சிகளுடன் ஒரு உயில் எழுதினால் சொத்துக் கவலை தீர்ந்தது. பதிவு கட்டாயமில்லை என்றாலும் செய்துவிடுவது நல்லது. சுய சம்பாத்தியத்தை மட்டுமில்லாமல், பூர்வீகத்தில் தன் பங்கையும் உயிலில் எழுதலாம். இன்ஷூரன்ஸ், வங்கி வைப்புத்தொகை இவற்றில் நாமினி மாற்றலாம். ஆனால் நாமினி பணத்தை வாங்கிக்கொள்பவர்தான், வாரிசு அல்ல, எனவே உயிலோடு சேர்த்தே செய்யுங்கள். பாஸ்போர்ட்டுக்கு அப்பா கையெழுத்து கிடைக்காவிட்டால், ஒரு பெற்றோர் மட்டும் விண்ணப்பிக்கும்போது தரும் இணைப்பு சி உறுதிமொழி இருக்கிறது. காவல் உத்தரவு நகலையும் வையுங்கள்.

பள்ளியில் குழந்தையைக் குத்துவது பெரும்பாலும் இனிஷியல். அம்மா பெயரின் முதலெழுத்தை இனிஷியலாக வைக்கலாம். ஏற்கெனவே பதிவான பெயரை மாற்றத் தமிழ்நாடு அரசிதழில் வெளியிட வேண்டும். அரசிதழால் எழுத்து மாறும், தகப்பன் மாற மாட்டார். பெயர் மாற்றத்தை மட்டும் செய்துவிட்டுத் தத்து முடிந்ததாக நம்பியிருக்கும் குடும்பங்கள் வாரிசுச் சான்றிதழ் கேட்கும் நாளில்தான் விழிக்கின்றன.

இப்படியெல்லாம் செய்தாலும் அடைபடாத ஓட்டை ஒன்று உண்டு. அம்மா இறந்தால் குழந்தை யாரிடம் என்பது. அம்மா தன் உயிலில் விருப்பத்தை எழுதி வைக்கலாம், வராத பணத்துக்கும் பார்க்க வராத வருடங்களுக்கும் ஆதாரங்களைப் பத்திரப்படுத்தலாம். காப்பாளர் வழக்கில் குழந்தையின் நலனே முதன்மை என்பதால் அவை எடுபடும். நிறைவேற்று மனுவும் திரும்பி வந்த வாரண்டும் அப்போது முக்கியச் சாட்சியமாகும். பணமே கிடைக்காவிட்டாலும் மனுப் போட்டு வைக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆக, அப்பா வழியில் சொத்து இருந்து அவர் சம்பளக்காரராகவும் இருந்தால், வசூலும் உயிலும் போதும், தத்து அவசரமில்லை. அந்தப் பக்கம் சொத்தே இல்லை, குழந்தை சிறியது, அப்பா மனமுவந்து சம்மதிக்கிறார் என்றால் தத்துதான் நல்லது, அதுவும் அடுத்த குழந்தை பிறப்பதற்குள். இரண்டாவது திருமணம் புதிது என்றால் கொஞ்சம் காலம் போகட்டும். 15ஆம் பிரிவின்படி தத்தை ரத்து செய்ய முடியாது; அந்தத் திருமணமும் முறிந்தால் அவரே அப்பாவாகத் தொடர்வார், காவல் கேட்கும் உரிமையோடும் பராமரிக்கும் கடமையோடும்.

ஆள் எங்கே என்றே தெரியவில்லை என்றால் வசூல் வழக்கில் பத்திரிகை விளம்பரம் மூலம் நோட்டீஸ் கொடுத்து எக்ஸ்பார்ட்டியாக, அதாவது அவர் வராமலேயே, உத்தரவு வாங்க முடியும். தத்துக்கு அந்தக் குறுக்குவழி கிடையாது. ஏழு வருடமாக, அவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க வேண்டியவர்களுக்கே எந்தத் தகவலும் இல்லை என்றால், இறந்தவராகக் கருதும்படி சிவில் நீதிமன்றத்தில் அறிவிப்புக் கோரலாம். அது கிடைத்தால் அம்மா தனியாகத் தத்துக் கொடுக்கலாம். அதற்கு முதல் ஆவணம் காணவில்லை என்று காவல் நிலையத்தில் கொடுத்த புகாரின் ரசீது. தேதியோடு அது கோப்பில் இருக்க வேண்டும்.